பூவாடைப் பெட்டி, ஆரம்ப விலை ஒரு ரூபாய்

அத்தியாயம் 4

பேயை ஏலம் விடுவதற்கும் ஒரு ஆப் இருக்கிறது என்பது விஜயகுமாருக்கு அந்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும், தன் வீட்டு ஓனரை அதில் ஏற்றினால் என்ன விலைக்குப் போவார் என்று யோசித்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவன், எதிர் நாற்காலியில் இருந்த அம்மாள் போனைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஓசூர் பாகலூர் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது மாதேஸ்வரியின் துப்பறியும் நிலையம். மாதேஸ்வரி பத்தொன்பது வருஷம் ஒரு போல்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். நல்ல போல்ட்டையும் கெட்ட போல்ட்டையும் பிரித்துப் பிரித்து அலுத்துப்போய் மனுஷர்களைப் பிரிக்க வந்துவிட்டார் என்பது விஜயகுமாரின் விளக்கம். அவன் முன்பு வீடு வீடாகப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தவன். ஓசூரில் அவனுக்குத் தெரியாத சந்தும் இல்லை, அவனைப் பார்த்துக் குரைக்காத நாயும் இல்லை. இப்போது மாதேஸ்வரிக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், எல்லாம் அவன்தான்.

வந்திருந்தவள் பெயர் மாரம்மா. ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புடவைக்கு மேல் போட்டிருந்த நீல நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். புருஷன் போய்ப் பல வருஷம். இரண்டு பெண்கள். மூத்தவள் காவியா, கர்நாடக பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிப்காட் சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது லாரி அடித்துப் போய்விட்டாள். இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அப்படியே விட்டுவிடுவது அவர்கள் வழக்கம் இல்லை. பூவாடைக்காரி என்று பெயர் சொல்லி வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். ஒரு பெட்டியில் புதுப் புடவை, மஞ்சள், வளையல் வைத்து அதுதான் அவள் என்று கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பூஜை. பெட்டியில் இருக்கிற பழைய புடவையை எடுத்து வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள், புதுப் புடவை பெட்டிக்குள் போகும். பம்பை அடித்தால், புடவை உடுத்தியவள் மேல் போனவள் வந்து இறங்குவாள். இரண்டு வருஷமும் இளையவள் அனுப்ரியாதான் உடுத்தினாள், இரண்டு வருஷமும் காவியா வந்தாள்.

அந்தப் பெட்டி பத்து நாளாகக் காணோம். முந்தாநாள், கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி வேடிக்கை காட்டுவதற்காகப் போனை நீட்டியிருக்கிறாள். அதில் பெட்டி இருந்தது.

‘கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் குடியிருக்கும் பெட்டி. ஆரம்ப விலை ஒரு ரூபாய். ஏலம் முடிவது வியாழன் மாலை நான்கு மணி.’

பூஜை நாளைக்கு. மாரம்மா அழவில்லை. மூன்று வருஷத்தில் எல்லாம் அழுது தீர்ந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நாலு மணிக்குள்ள நிறுத்திட முடியுமாம்மா? அவ போயிட்டான்னா எனக்கு அந்த ஒரு நாளும் இல்ல.”

அந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்று மாதேஸ்வரி மெதுவாகக் கேட்டார். காவியாவுக்குக் கடையில் தொற்றிக்கொண்ட கன்னடம் நாக்கில் ஊறிப்போய் இருந்ததாம். தினமும் ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போதே ‘ஊட்டா ஆய்த்தாம்மா?’ என்று இழுத்துக் கேட்பாளாம். சாப்பிட்டாயா என்று அர்த்தம். பூஜையிலும் அதையேதான் கேட்டாள். பம்பைச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழாமல், கட்டிப்பிடித்துக்கொண்டு, அம்மா காதோடு கேட்டாள்.

“இளைய பொண்ணு என்ன பண்ணுது?” என்றார் மாதேஸ்வரி.

ஏதோ கம்பெனியில் வேலை, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை என்றாள் மாரம்மா. அதுவும் ரொம்ப உடைஞ்சு போயிருக்கு, அதுகிட்ட இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்க வேணாம் என்று சொல்லிவிட்டு, இளையவள் வாங்கிக்கொடுத்ததாகச் சொன்ன ஒரு டிபன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

போலீசுக்குப் போகலாமே என்றான் விஜயகுமார். மாரம்மா நேற்றே போயிருக்கிறாள், திருடுபோன சாமானின் மதிப்பு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஆப்காரர்களுக்குப் புகார் எழுதினால், பொருள் உங்களுடையதுதான் என்பதற்குப் பில் அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. சாமிக்கு எங்கே பில் போடுகிறார்கள் என்று அவன் நொந்துகொண்டான். இருந்தாலும் மாதேஸ்வரி அந்த ஆப்பைச் சும்மா விடவில்லை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஆவி பிடித்த கண்ணாடி, அழுகிற பொம்மை, மந்திரித்த தாயத்து என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் ‘வேடிக்கைக்காக மட்டும், ஆவிக்கு உத்தரவாதம் இல்லை’ என்று போட்டிருந்தது.

“இந்த ஒரு வரியைப் போட்டுட்டா சட்டம் பிடிக்காதுன்னு எவனோ சொல்லிக்குடுத்திருக்கான். நம்ம ஆள் போடலை பாரு.”

“மறந்திருப்பாங்கக்கா.”

“போட்டோவைப் பாரு.”

ஆறு போட்டோ. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல், அடி. கீலில் பிடித்திருந்த துருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பின்னால் இருந்த நசுங்கலுக்கு இன்னொன்று.

மாதேஸ்வரி சிரித்தார். அவர் சிரிப்பதே அபூர்வம். “பேயை விக்கிறவன் துருவைக் காட்டுவானாடா? இது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிற கை. குறையைப் பார்த்தா அம்பு ஒட்டாம அதால இருக்க முடியாது. என் டேபிள்ல பத்தொன்பது வருஷம் இதே ஸ்டிக்கர்தான்.”

அடுத்தது நேரம். நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் கெலவரப்பள்ளி அணைப் பூங்காவுக்கு வரலாம் என்று போட்டிருந்தது. போன வாரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, இந்த வாரம் மதியம் மூன்றிலிருந்து நான்கு.

“பேய்க்கும் வாராவாரம் ஷிப்ட் மாறுதுக்கா” என்றான் விஜயகுமார்.

“அதேதான். போன வாரம் ரெண்டாவது ஷிப்ட், இந்த வாரம் முதல் ஷிப்ட். ரெண்டு மணிக்கு விட்டு, கம்பெனி பஸ்ல இறங்கி, மூணுக்கு அணைக்கு வர்ற ஆள்.”

கடைசியாக, வாங்க நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள். முக்கால்வாசி கிண்டல். சாயந்திரத்தில் காபி போட்டுத் தருமா என்று ஒருவன் கேட்டிருந்தான். விற்பவர் எதற்கும் பதில் போடவில்லை. பாரூரிலிருந்து செல்வம்மாள் என்ற பெயரில் வந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. ‘உள்ளே இருக்கிற பெண் பேசுமா?’ என்று செல்வம்மாள் கேட்டிருந்தாள்.

‘வருஷத்துக்கு ஒரு நாள் பேசும். ஊட்டா ஆய்த்தா என்று கேட்கும். வேறு எதுவும் கேட்காது.’

விஜயகுமார் அதை இரண்டு தடவை படித்தான். பம்பைச் சத்தத்தில் ஒரு காதுக்குள் சொன்ன வார்த்தை. சொன்னவளையும் கேட்டவளையும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரிய வழியே இல்லை.

“அப்போ பேயே அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி, தன்னைத்தானே விக்குதா?” என்றான். பேச்சுக்குத்தான் சொன்னான்.

மாதேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, ஆமாம் என்றார்.

*

மூன்று மணிக்கு அணைப் பூங்காவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மதகுக்குக் கீழே ஆற்றில் ரசாயன நுரை பொங்கிப் பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்க்க வருவதாக ஆப்பில் சொல்லிவைத்திருந்த விஜயகுமார் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், மாதேஸ்வரி சற்றுத் தள்ளிக் கடலை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ஒல்லி. கழுத்தில் தொங்கிய கம்பெனி டேக்கைச் சுடிதாருக்குள் சொருகியிருந்தாள். தோள் பையிலிருந்து பச்சைத் தகரப் பெட்டியை எடுத்து, பெஞ்சைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அதன் மேல் வைத்தாள். மாரம்மாவின் நெற்றி அப்படியே அவளுக்கும் இருந்தது.

“கீல்ல துரு இருக்குங்க. பின்னாடி ஒரு நசுங்கல். அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாதில்லீங்களா, அதான் முன்னாடியே சொல்லிடறன்.”

ஆயிரம் கிண்டல் தயாராக வைத்திருந்தான் விஜயகுமார். ஒன்றும் வரவில்லை. உள்ளே நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டான்.

அவள் பெட்டியின் மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து மாதேஸ்வரி, “அனுப்ரியா” என்று கூப்பிட்டார்.

ஓடிவிடுவாள் என்று நினைத்து விஜயகுமார் எழுந்தான். அவள் ஓடவில்லை, பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மாதேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தார். மிரட்டவில்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்.

“இதுக்குள்ள உங்கக்கா இருக்கான்னு வெச்சுக்க. அப்போ மனுஷியை ஏலம் விடற. இல்லன்னு வெச்சுக்க. அப்போ இல்லாததை இருக்குன்னு சொல்லி விக்கற, அது மோசடி. எந்தப் பக்கம் போனாலும் கேஸ்தான் கண்ணு. நீ எந்தப் பக்கம்?”

“தெரியல” என்றாள் அனுப்ரியா.

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குக் கம்பெனி பஸ் தவறிவிட்டது. வந்து கூட்டிக்கொண்டு போ என்று அக்காவுக்குப் போன் செய்தாள். கூட்டிப் போக வரும்போதுதான் அந்த லாரி. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஒரே ஒரு தடவை, ‘நீ கூப்பிடாம இருந்திருந்தா’ என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து அனுப்ரியாவுக்கு வீட்டில் பேச வாய் வருவதில்லை. ம், சரி, போயிட்டு வரன், அவ்வளவுதான்.

முதல் வருஷப் பூஜையில் அவள் மேல் எதுவும் இறங்கவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் ஆடினாள். கட்டிப்பிடித்து, அக்கா மாதிரி இழுத்து, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அம்மா ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

“நான் நடிச்சன் மேடம். ரெண்டு வருஷமும் நடிச்சன். அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு, காவியா காவியான்னு அழுவுது. அக்காவைக் கொன்னவளே அக்கா மாதிரி பேசிக்கிட்டு நிக்கறன். மூணாவது தடவ என்னால முடியாது.”

ஆற்றில் விட்டுவிடலாம் என்று இதே அணைக்கு நான்கு நாள் வந்தாளாம். நுரைக்குள் போட மனசு வரவில்லை. அக்காவைத் திரும்ப ஒரு தடவை சாகடித்த மாதிரி இருந்தது. யாராவது வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனால், வேண்டும் என்கிற வீட்டில் போய் இருப்பாள். அவ்வளவுதான் நினைத்தாள். அதனால்தான் விலை ஒரு ரூபாய். வேடிக்கைக்காக மட்டும் என்று போடச் சொல்லி ஆப் கேட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

“கேலி பண்றவங்க வாங்க மாட்டாங்கன்னு நெனச்சன். ஆனா வாங்க வர்றவங்க…” என்று போனை நீட்டினாள்.

அதிக விலை கேட்டு முன்னால் நின்றது பாரூர் செல்வம்மாள். காலையில் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் யாரோ டைப் அடித்துக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. ‘என் மகள் போன வருஷம் ஏரிக்கால்வாயில் போய்விட்டாள். அவளுக்குப் பூவாடை எடுக்க எங்கள் வீட்டில் யாரும் இல்லை, நான் தனி ஆள். வேறு பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னையும் சாப்பிட்டாயா என்று கேட்குமா?’

விஜயகுமார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதால் மாதேஸ்வரியக்கா ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார் என்று பயந்து, இமையைக் கொட்டாமல் நுரையையே பார்த்தான். காலையில் அந்த ஆப்பைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்து தன் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

மாதேஸ்வரி வாட்சைப் பார்த்தார். மூன்றே முக்கால். “அனு, இன்னொரு ஆளையும் வரச் சொல்லியிருக்கன்” என்றார்.

பூங்கா கேட் பக்கத்துப் புங்கமரத்தடியிலிருந்து நீலக் கோட்டு ஒன்று அசைந்து வந்தது. மாரம்மா. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ, முகமெல்லாம் வேர்த்திருந்தது. அனுப்ரியா எழுந்திருக்கப் பார்த்தாள், மடியில் பெட்டி இருந்ததால் முடியவில்லை.

“அம்மா, உன்னை ஏமாத்தணும்னு…” என்று ஆரம்பித்தாள்.

மாதேஸ்வரி குறுக்கே வந்தார். “இவங்க ஏமாறலை அனு. சாமான் காணோம்னு எங்கிட்ட வர்ற எல்லாரும் உக்காரும்போதே யாரு எடுத்ததுன்னுதான் கேப்பாங்க. உங்கம்மா ஒரு மணி நேரம் பேசினாங்க. யாருன்னு ஒரு தடவகூடக் கேக்கலை. நிறுத்த முடியுமான்னு மட்டும்தான் கேட்டாங்க. யாருன்னு முன்னாடியே தெரிஞ்சவங்கதான் அப்பிடிக் கேப்பாங்க. இல்லீங்களா மாரம்மா?”

மாரம்மா மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியைத் தொடவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பெத்தவளுக்குக் கை தெரியாதா கண்ணு? மொதல் வருசமே தெரியும். அவ கட்டிப்பிடிச்சா எலும்பு நொறுங்கும். நீ பயந்து பயந்து பிடிப்ப.”

“அப்புறம் ஏம்மா காவியான்னு அழுத?”

“நீயின்னு தெரிஞ்சிருச்சுன்னு காட்டினா நீ அதையும் நிறுத்திடுவியே. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீ மூணு வருசமா எங்கிட்ட பேசறதில்ல. அந்த ஒரு நாள்தான் எம் பொண்ணு என்னைச் சாப்டியான்னு கேக்குது. அவ போனது போயிட்டா. பெட்டி போனா நீயும் போயிடுவியேன்னுதான் ஓடினன். வேற எதுக்கு எனக்கு இந்தத் தகரம்?”

அனுப்ரியா ஏதோ சொல்லத்தான் முயன்றாள். மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது லேசில் வருமா? கடைசியில் வந்தது அவள் குரல்கூட இல்லை. காவியாவின் இழுவை, காவியாவின் கன்னடம். அம்மாவோடு பேச அவளுக்கு அது ஒன்றுதான் பழகியிருந்தது.

“ஊட்டா… ஆய்த்தாம்மா?”

“இன்னும் இல்ல அனு” என்றாள் மாரம்மா. “நீ வந்துடட்டும்னு இருக்கன்.”

அனு என்ற பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் அழுத அழுகையை விஜயகுமார் பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. மாதேஸ்வரி அவள் கையிலிருந்து நழுவின போனைப் பிடித்தார். நான்கு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அனுப்ரியாவே விரலை நீட்டி ஏலத்தை ரத்து செய்தாள். காரணம் என்ன என்று ஆப் கேட்டது. பொருள் உடைந்துவிட்டது, பொருள் தொலைந்துவிட்டது, விவரத்தில் தவறு என்று மூன்றுதான் கொடுத்திருந்தது. அவள் வேலைப் பழக்கத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, விவரத்தில் தவறு என்பதை அமுக்கினாள்.

கேஸ் முடிந்தது. விஜயகுமார் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். அப்போதுதான் அனுப்ரியாவின் போன் அடித்தது. காலையில் செய்தி அனுப்பிய பாரூர் நம்பர்.

மாதேஸ்வரி அவனைப் பார்த்தார். பேசுவதற்கென்றே பிறந்தவன் நீதானே, பேசு என்று அர்த்தம். அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

“ஹலோ, பொட்டிக்காரங்களா? நான் பாரூர் செல்வம்மா பேசறன் சாமி” என்றது அந்தக் குரல். வயசான குரல். “போன்ல பொட்டியே காணம்னு பக்கத்து வூட்டுத் தம்பி சொல்லுது. வித்துப் போச்சுன்னா அப்பிடித்தான் மறைஞ்சிருமாம். அப்போ எனக்குத்தானே வந்திருக்கும்? அவ எப்ப வர்றா சாமி? புதுப் புடவை எடுத்து வெச்சிருக்கன்.”

விஜயகுமார் பெட்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், மூன்று வார்த்தை. பிரியாணி தீர்ந்துபோய்விட்டது என்று ஆயிரம் வீட்டில் சொல்லியிருக்கிறான். இதைச் சொல்ல முடியவில்லை. ஹலோ, ஹலோ என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. உதவி கேட்டு மாதேஸ்வரியைப் பார்த்தால், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாரம்மா எழுந்து வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். காதில் வைத்தாள்.

“அக்கா, நான் அந்தப் பொண்ணோட அம்மா பேசறன்” என்றாள். “மணி நாலாச்சே. நீ சாப்டியாக்கா?”

மாரம்மா போனை வைக்காமல், பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.